மேப்பம்மா கரி அளந்த கதை

மாநகராட்சி அலுவலகத்தில் அவரை எல்லோரும் மேப்பம்மா என்றே கூப்பிட்டார்கள். கட்டடத்தின் பின்பக்கம் இருந்த கழிவுநீர்ப் பிரிவில், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சாக்கடைக் குழாய்களை வரைந்துகொண்டிருந்தார். எந்தக் குழாய் எந்தத் தெருவுக்கு அடியில் போகிறது, எங்கே வளைகிறது, எங்கே இன்னொன்றோடு சேர்கிறது என்பதெல்லாம் அவர் கையால் கோடானது. கிளை பிரியும் இடத்தில் அந்தக் கோடு இலை நரம்பு மாதிரி மெலிந்து போகும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சாக்கடைப் படத்தை யார் நின்று ரசிக்கப்போகிறார்கள்? அடைப்பு எடுக்க வருகிறவர்கள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது அதில் எதையாவது துடைத்திருப்பார்கள்.

கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். கூடப் பிறந்தது ஒரே ஒரு அக்கா. சில தெருக்கள் தள்ளி, ஐஸ் ஃபேக்டரி இருக்கிற தெருவில் குடியிருந்தார். அக்கா எதிலும் தங்கையைவிட ஒரு படி மேலேதான் நிற்பார். நிற்க முடியாவிட்டால் படியை எடுத்து மாற்றிப் போட்டுக்கொள்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், நகரங்கள் எல்லாம் சேர்ந்து ஏதோ ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒவ்வொரு நகரமும் தான் எரிக்கிற மின்சாரத்தால் எவ்வளவு கரிப்புகை உண்டாகிறது என்று கணக்கிட்டு, தெருவாரியாகப் படம் போட்டுக் காட்டி, அதைக் குறைக்க வேண்டும். மேயர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். படம் என்றால் யார்? மேப்பம்மா. ஒரே உத்தரவில் சாக்கடையிலிருந்து புகைக்கு மாற்றிவிட்டார்கள்.

புதிதாகத் தொடங்கிய கரிப் பிரிவுக்கு, உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். நாற்காலிகளில் பாதி அங்கேயே தங்கிவிட்டன. உட்காருவதற்கு முன் நாலு காலும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வாசல் பலகையை எழுதியவர் அவசரத்தில் வல்லினத்தைப் போட்டு 'கறிப் பிரிவு' என்று எழுதிவிட்டுப் போனார். முதல் வாரம் முழுக்க இறைச்சிக் கடைக்காரர்கள்தான் வந்தார்கள்.

"ஆட்டுக்கும் கோழிக்கும் ஒரே லைசென்ஸா, தனித்தனியாம்மா?" என்று ஒருவர் கேட்டார்.

"இங்க புகைக்கு மட்டும்தாங்க," என்றார் மேப்பம்மா.

"சுட்ட கறிக்கா?"

அன்று சாயங்காலமே மேப்பம்மா ஸ்டூல் போட்டு ஏறி, வெள்ளைப் பெயிண்டால் அந்த எழுத்தின் பாதியை அழித்து இடையினமாக்கினார்.

பிரிவுக்கு ஓர் அதிகாரி இருந்தார். பக்கத்தில் யாராவது தும்மினால்கூட தான் மன்னிப்புக் கேட்கும் ரகம். மின்சார அலுவலகத்திலிருந்து மீட்டர் கணக்கெடுக்கும் ஒருவனை இவர்களுக்குக் கடன் கொடுத்திருந்தார்கள். ஓரிடத்தில் நிற்க மாட்டான், பழைய மீட்டர் முள் மாதிரித் துடித்துக்கொண்டே இருப்பான் என்பதால் அவனுக்கு முள் என்று பெயர்.

"கார்பன் தடம்ங்கிறாங்களே, யாரோட கால் தடம் மேப்பம்மா அது? காலைக் கழுவிட்டு நடந்தா போயிடுமா?" என்று முதல் நாளே கேட்டான் முள்.

"நீ ஸ்விட்ச் போடுற, இங்க பல்பு எரியுது. அதுக்காக ஊருக்கு வெளிய பவர் ஸ்டேஷன்ல நிலக்கரி எரியுது. அந்தப் புகையை எடை போட்டு, எந்தத் தெருவால எவ்வளவுன்னு காட்டணும்."

"புகை தராசுல நிக்குமா?"

"நிக்காது. மீட்டர்ல ஓடின யூனிட் நிக்குமில்ல? அதை வெச்சுப் பெருக்கிக்கலாம்."

முள் தெருத்தெருவாக மீட்டர் கணக்குகளைக் கொண்டுவந்து குவித்தான். மேப்பம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். இடிந்து போன வீட்டின் மீட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தெருக்களின் விளக்குகள் முழுவதும் செருப்புத் தைப்பவர் ஒருவர் பெயரில் எரிந்தன. படத்தில் அவருடைய ஒற்றைப் பெட்டிக்கடை ஒரு தொழிற்சாலையாகத் தெரிந்தது. அதையெல்லாம் நேர் செய்து, கூட்டி, பெருக்கி, தெருவுக்குத் தெரு நிறம் தீட்டினார். கொஞ்சமாக எரிக்கிற தெருவுக்கு வெள்ளை, அதிகம் எரிக்கிற தெருவுக்குக் கறுப்பு, நடுவில் உள்ளவற்றுக்கு அதற்கேற்ற சாம்பல். வேலை முடிந்தபோது நகரம் ஒரு நுரையீரல் எக்ஸ்ரே மாதிரி இருந்தது. மேப்பம்மாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை. மண்ணுக்கு அடியில் இருப்பதையே வரைந்து பழகியவர், காற்றில் இருப்பதையும் வரைந்துவிட்டார்.

அதிகாரி படத்தைக் குனிந்து பார்த்தார்.

"இந்த இடம் மட்டும் ஏன் இப்படிக் கன்னங்கரேல்னு இருக்கு?"

"அதுதான் சார் ரொம்ப எரிக்கிற தெரு."

"எந்தத் தெரு?"

"மேயர் தெரு."

அதிகாரி கால்களைப் பார்க்காமலே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நல்லவேளை, நாலும் இருந்தன.

"மேயர் முகத்துல நம்ம கையாலயே கரியைப் பூசச் சொல்றீங்களா?"

"அளவு அப்படித்தான் சார் வந்திருக்கு."

"அளவை யாரு மாத்தச் சொன்னா? கலரை மாத்துங்க. அதிகமா எரிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் கௌரவமான கலரா போடுங்க. தங்க மஞ்சள் எப்படி?"

"தங்கமா? பார்க்கிறவங்க தப்பா நினைச்சுக்குவாங்களே சார்."

"கீழ விளக்கம் எழுதிடலாமே. படிக்கத் தெரியாதவங்களா நம்ம ஜனங்க?"

அப்படியாக, அதிகம் எரிக்கும் தெருவுக்குத் தங்க நிறம், நடுத்தரத்துக்குச் செம்பு, குறைவாக எரிக்கும் தெருவுக்குச் சாம்பல் என்று முடிவாயிற்று. சாம்பலை ஏன் எடுத்தார்கள் என்றால், பழைய படத்துக்கு வாங்கிய பெயிண்டில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

படத்தைப் பெரிய பலகையாக்கி, பேருந்து நிலையத்துக்கு எதிரே நட்டார்கள். மேப்பம்மா கணவரையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் வரைந்த ஒன்றை மனிதர்கள் தலையை நிமிர்த்திப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கூட்டம் நெருக்கியடித்தது. கீழே இருந்த விளக்கத்தை மறைத்து யாரோ சைக்கிளைச் சாத்தி வைத்திருந்தார்கள். மேப்பம்மா, "எல்லாரும் பார்க்கிறாங்க பாருங்க," என்று கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "அட, எங்க தெரு தங்கம்டா!"

"எங்களுது செம்பு. பரவாயில்ல, தேறிட்டோம்."

"எங்களை மட்டும் சாம்பலாக்கிட்டானுங்களே. எவன்டா போட்டது இதை?"

தையல்காரர் தன் தெருவைத் தேடிக் கண்டுபிடித்தார். சாம்பல். அவர் மனைவி பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தார்.

"சொந்தத் தெருவுக்குச் சாம்பல் போட உனக்கு எப்படிக் கை வந்தது?"

"சாம்பல்னா நல்லதுங்க. நம்ம தெரு கம்மியா எரிக்குதுன்னு அர்த்தம்."

"ஒண்ணுமில்லாதவன்னு அர்த்தம்," என்றார் தையல்காரர். தெருச் சங்கத்துக்குச் செயலாளர் வேறு அவர். அந்தப் பதவி வந்ததிலிருந்து தெருவை ஒரு கொசு கடித்தாலும் அவருக்கு அரிக்கும்.

அக்கா அன்றைக்கே வந்துவிட்டார். உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்தார்.

"எங்க தெருவுக்கு என்ன நிறம்னு நீயே சொல்லு, உன் வாயால கேக்கணும்."

"தங்கம்தான் அக்கா. ஆனா அது உன்னால இல்ல, ஐஸ் ஃபேக்டரியால."

"ஐஸ் ஃபேக்டரி எந்தத் தெருவுல இருக்கு? எங்க தெருவுலதானே? அப்புறம் என்ன?"

மறுநாளிலிருந்து கரிப் பிரிவுக்குச் சாம்பல் தெருக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மேப்பம்மா ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதலிலிருந்து விளக்கினார். குறைவாக எரித்தால் குறைவான புகை, குறைவான புகை என்றால் எல்லோருக்கும் நல்லது, நீங்கள்தான் இந்த ஊரிலேயே சிறந்தவர்கள் என்றார். அவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். கேட்டு முடித்துவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, எங்களை எப்போ தங்கமாக்குவீங்க?" என்றார்கள்.

"அதுக்கு நிறைய கரண்ட் எரிக்கணுமே," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான் முள்.

சொல்லியிருக்கக் கூடாது. செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சாம்பல் தெருக்களில் பட்டப்பகலில் விளக்கெரிந்தது. மொட்டை மாடிகளில் ஃபேன்களை மல்லாத்தி வைத்து வானத்துக்குக் காற்று வீசினார்கள். ஓட்டை உடைசல் ஃப்ரிட்ஜுகளை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் வைத்துக் குளிரவிட்டார்கள். வெயிலில் ஹீட்டர் போட்டார்கள்; வெக்கை தாங்காமல் அதற்கு எதிரே ஏசி போட்டார்கள். ஒரு வீட்டில் இரண்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இப்போதான் சரியா இருக்கு," என்று சொன்னாராம் வீட்டுக்காரர்.

மேப்பம்மா வேலையிலிருந்து வந்தபோது, சட்டை அளவுக்காக வைத்திருந்த துணிப் பொம்மைக்கு எதிரே ஒரு டேபிள் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"பொம்மைக்கு வேர்க்குதா?" என்று கேட்டார்.

"வேர்க்கல. ஆனா மீட்டர் ஓடுதில்ல?" தையல்காரர் காலால் மிதிக்கிற தன் மெஷினுக்கு மோட்டார் மாட்டிக்கொண்டிருந்தார். "செயலாளரே முன்னுக்கு வரலைன்னா தெரு எப்படி முன்னுக்கு வரும்?"

மேப்பம்மா ஃபேனை நிறுத்தினார். தையல்காரர் போட்டார். மேப்பம்மா நிறுத்தினார். கடைசியில் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தினார். தையல்காரர் மூடிய கதவுக்கு எதிரே ஃபேனைக் கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த படம் வரையும் நாள் வந்தது. மேப்பம்மா கூட்டினார், பெருக்கினார். நகரம் முழுவதும் தங்கம். செம்பு அங்கங்கே ஒரு தேமல் மாதிரி இருந்தது. சாம்பல் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சம். அது கல்லறைத் தோட்டம். இதற்குள் டிரான்ஸ்ஃபார்மர்கள் தாங்காமல் வெடிக்கத் தொடங்கியிருந்தன. முள்ளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை; ஒரு டிரான்ஸ்ஃபார்மரை விட்டு இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

அதிகாரி படத்தைப் பார்த்து முதலில் மகிழ்ந்தார். "அடேயப்பா, ஜொலிக்குதே!" என்றார். பிறகு உறைத்தது.

"மேப்பம்மா, ஒப்பந்தக் குழு நேர்ல பார்க்க வருது. இந்த ஊர்ல கரி குறைஞ்சிருக்கான்னு கேப்பாங்க."

"ரெட்டிப்பா ஆயிருக்கு சார்."

"ஏதாவது பண்ணுங்க. ஜனங்களுக்குப் புரிய வையுங்க."

மேப்பம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அத்தனை நாள் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவர். "என்னத்தைப் புரிய வைக்கிறது? படம் போட்டா அலங்காரம்னு நினைக்கிறாங்க. அவங்க எரிக்கிற கரியை லாரியில கொண்டுவந்து வாசல்ல கொட்டினாத்தான் புரியும்!"

கோபத்தில் சொன்னது. சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் அதிகாரி அதை உத்தரவாக்கி, மேயரின் கையெழுத்துக்கு அனுப்பியிருந்தார். படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் மேயர் பெயர் பெற்றவர்.

பவர் ஸ்டேஷன் முற்றத்தில், மழையில் ஊறி எரிக்க லாயக்கில்லாமல் போன கரித்தூள் மலை மாதிரிக் கிடந்தது. தலைவலி விட்டது என்று அவர்கள் சந்தோஷமாக அள்ளிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தெருவும் ஒரு மாதத்தில் எரித்த மின்சாரத்துக்கு எவ்வளவு நிலக்கரி ஆகுமோ, அவ்வளவு அந்தத் தெரு முனையில் கொட்டப்படும். அடுத்த மாதம் குறைவாக எரித்தால் அந்த அளவுக்கு அள்ளிக்கொண்டு போய்விடுவோம். கூட்டினால் இன்னும் கொட்டுவோம். இதுதான் திட்டம். "நான் பேச்சுக்குச் சொன்னேன் சார்!" என்று மேப்பம்மா பின்னாலேயே ஓடினார். லாரிகள் கிளம்பிவிட்டிருந்தன.

முதலில் ஜனங்கள் கைதட்டி வரவேற்றார்கள். தங்கத் தெருக்களுக்குப் பரிசு வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். தையல்காரர் சங்கத்தின் சார்பில் லாரி டிரைவருக்கு டீ கொடுத்தார். "எதிர்த் தெருவைவிட எங்களுக்கு அதிகமா கொட்டினீங்கதானே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்.

கரி வெயிலில் காய்ந்து, காற்று அடித்ததும்தான் கதை மாறியது. கொடியில் காய்ந்த துணி கறுத்தது. தண்ணீர்த் தொட்டி கறுத்தது. தும்மினால் கைக்குட்டை கறுத்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களுக்குப் பிள்ளைகளை அடையாளம் தெரியவில்லை. குரலை வைத்து வருகைப் பதிவு எடுத்தார்கள். வெள்ளைப் பூனை ஒன்று வாங்கி வளர்த்தவர், "இது எங்க பூனை இல்லை" என்று அதை வீட்டுக்குள் விட மறுத்தார். தையல்காரர் ஒருவருக்கு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். காலரை வைத்துத் தைக்கும்போதே அது வேறு நிறம் ஆகிவிட்டது. சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய், மூடிய படுக்கையறைக் கதவுக்கு எதிரே ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினார்.

"இத்தனையும் நாம எரிச்சதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாங்க. ஒரே மாசத்துல. இத்தனை நாளும் கண்ணுக்குத் தெரியாம மேல போயிட்டிருந்தது. அவ்வளவுதான்."

தையல்காரர் தலையைச் சொறிந்தார். தலையிலிருந்தும் கரி உதிர்ந்தது. "நீ அப்பவே சொன்னே. என் மண்டையில ஏறல," என்றார். இத்தனை வருட வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. மேப்பம்மா கொஞ்சம் பயந்தே போனார்.

அதற்குப் பிறகு ஸ்விட்சை அணைப்பதில் போட்டி வந்தது. டம்ளர் தண்ணீருக்காக ஓடிய ஃப்ரிட்ஜுகள் எல்லாம் தெருவுக்கு வந்தன. குவியலை அளக்க ஓர் ஆள் வேண்டும் என்று அதிகாரி மேப்பம்மாவுக்கு ஒரு நீளமான இரும்புக் கம்பியைக் கொடுத்தார். அதில் கோடு போட்டு அளவு குறித்திருந்தது. மேப்பம்மா ஒவ்வொரு தெருவாகப் போய்க் குவியல் மேல் ஏறி, கம்பியைச் செருகி ஆழம் பார்த்தார். வேலைக்காலம் முழுவதும் அறைக்குள் குனிந்திருந்தவருக்கு இது பிடித்துப்போயிற்று. "மேப்பம்மா, எங்களுது இறங்கிருக்கா?" என்று ஜன்னல்களிலிருந்து கேட்பார்கள். ஒரு ஜாண் இறங்கியிருக்கிறது என்று இவர் கத்தினால் தெருவே ஆர்ப்பரிக்கும்.

திருட்டுத்தனமும் இல்லாமல் இல்லை. சில தெருக்களில் குவியல் திடீரென்று பாதியாகி, பக்கத்துத் தெருக் குவியல் வீங்கியிருக்கும். இரண்டு தெருக்காரர்களும் கறுத்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்பார்கள். மேப்பம்மா பேசாமல் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுவார்.

மேயர் தெருவுக்கு மட்டும் அவர் போகவில்லை. போக விடவில்லை. அங்கே கொட்டிய குவியல்தான் ஊரிலேயே பெரியது. ஆனால் கொட்டிய கையோடு அதன்மேல் மண்ணைப் பரப்பி, புல் பதித்து, பெஞ்சு போட்டு, 'மக்கள் பூங்கா' என்று பலகையும் வைத்துவிட்டார்கள். செய்தி கசிந்ததும் ஊர் மறுபடியும் குழம்பத் தொடங்கியது. "பெரிய குவியல் இருந்தா பூங்கா தர்றாங்களாமே?" என்று சங்கங்கள் விசாரித்தன. ஓரிரு தெருக்களில் ஃப்ரிட்ஜுகளை மறுபடி உள்ளே தூக்கினார்கள்.

ஒப்பந்தக் குழு வந்தது. வந்தவர்களுக்கு இந்த ஊர் மொழி தெரியாது. மேயர் வெள்ளை வெளேரென்று உடுத்திக்கொண்டு, முதலில் தன் பூங்காவுக்குத்தான் அவர்களைக் கூட்டிப்போனார். பெஞ்சில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார். குவியல்களை எப்படி அளக்கிறார்கள் என்று அவர்கள் சைகையால் கேட்டார்கள். அதிகாரி கையைப் பிசைந்துகொண்டு மேப்பம்மாவைப் பார்த்தார்.

"எங்க வேணா குத்துங்க, ஆழமா மட்டும் குத்தாதீங்க," என்று காதில் சொன்னார்.

மேப்பம்மா பூங்காவின் நடுவில் கம்பியை மெதுவாகத்தான் வைத்தார். ஆனால் பதித்த புல் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருந்தது. அடியில் பொறுக்குத் தட்டிய கரி. கம்பி சரேலென்று பாதிக்குமேல் இறங்கி மாட்டிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. முள் வந்து இழுத்தான். வரவில்லை. அதிகாரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இழுத்தார். விருந்தாளிகள் முன்னால் இது நன்றாக இல்லையே என்று மேயரே எழுந்து வந்து, "தள்ளுங்க எல்லாரும்," என்று இரண்டு கைகளாலும் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார்.

கம்பி வந்தது. கம்பியோடு பூங்காவின் ஒரு பக்கமும் வந்தது. மண், புல், பெஞ்சு, 'மக்கள் பூங்கா' பலகை எல்லாம் சரிய, மேயர் மல்லாந்து விழுந்து கரிக்குள் முழுசாகப் புதைந்தார். எழுந்து நின்றபோது கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன.

மாடியிலிருந்து மேயரின் மனைவி எட்டிப் பார்த்தார். முழங்கால் வரை தொங்கும் கம்பளிச் சட்டையும் கழுத்தைச் சுற்றி மஃப்ளரும் அணிந்திருந்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"அத்தனை ஏசி வேணாம் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? வருஷம் பூரா எனக்குத்தான் சளி! நல்லா வேணும்!" என்று கத்தினார். உள்ளே போனார். ஒவ்வொன்றாக இயந்திரங்கள் நிற்கும் சத்தம் கேட்டது. கடைசியும் நின்றதும் தெருவில் ஒரு அமைதி வந்தது; அந்தத் தெருவில் குருவிகள் உண்டு என்பதே அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

குழுவில் ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். மற்றவர்களும் எழுந்து நின்று தட்டினார்கள். நகரின் முதல் குடிமகனே கரியில் இறங்கி, குடும்பத்தோடு செய்து காட்டிய செயல்முறை விளக்கம் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். கரி பூசிய முகத்தோடு மேயரை நடுவில் நிறுத்திப் படமெடுத்தார்கள். மேயர் நிலைமையைப் புரிந்துகொண்டு சிரித்தார். அந்தப் படம் எங்கெங்கோ வெளிவந்தது. தன்னையே முன்மாதிரியாக நிறுத்திய தலைவர் என்று பெயர் வாங்கிவிட்டார். பெயர் வந்தபிறகு எப்படித் திரும்ப ஏசி போடுவது? வேறு வழியில்லாமல் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வாழப் பழகினார். அவர் மனைவிக்குச் சளி விட்டது.

மேயர் தெருவைப் பார்த்து மற்றத் தெருக்களும் அடங்கின. மாதா மாதம் லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. முதல் படம் போட்ட காலத்தைவிடவும் நகரம் குறைவாக எரிக்கத் தொடங்கிவிட்டது என்று மேப்பம்மா கணக்குக் காட்டினார். அதிகாரியால் நம்ப முடியவில்லை; இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, யாரிடம் என்று தெரியாமல் மன்னிப்புக் கேட்டார். மேப்பம்மாவுக்குப் பதவி உயர்வு எதுவும் வரவில்லை. ஆனால் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் தெருவில் நடந்தால் டீக்கடைக்காரர்கூட வெளியே வந்து, வெயிலில் எரிந்துகொண்டிருந்த பெயர்ப் பலகை விளக்கை அணைத்துவிட்டு வணக்கம் சொல்வார்.

கடைசியாக மிஞ்சியது அக்கா தெருக் குவியல்தான். ஐஸ் ஃபேக்டரிக்காரர் பழைய இயந்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குறைவாக எரிக்கும் புது இயந்திரம் வாங்கியதும் அதுவும் கரைய ஆரம்பித்தது. ஒரு மாலையில் மேப்பம்மா அளக்கப் போனார். குவியலின் உச்சியில் அக்கா ஒரு பழைய பாயை விரித்து, பக்கத்தில் டீ ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார்.

"இங்க என்னக்கா பண்றே?"

"ஏறி வா. வந்து பாரு."

மேப்பம்மா ஏறினார். மேலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிந்தது. மொட்டை மாடிகள், துணிக்கொடிகள், தூரத்தில் பவர் ஸ்டேஷனின் புகைபோக்கி. நல்ல காற்று. அக்கா ஃபிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி நீட்டினார்.

"இந்த வயசுல இதுதான் என் மொட்டை மாடி. அடுத்த தடவை லாரி வந்தா இதையும் அள்ளிடுவாங்களா?"

"அள்ளிடுவாங்க. தெருவோட அளவு இறங்கிடுச்சில்ல."

"கொஞ்சமா விட்டுட்டுப் போகச் சொல்லேன். உட்கார மட்டும்."

"எரிக்காத கரியை வெச்சுக்கக் கூடாதுக்கா. சட்டம் அது."

அக்கா யோசித்தார். ஐஸ் ஃபேக்டரியைப் பார்த்தார். தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு தங்கையின் பக்கம் நெருங்கி உட்கார்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்:

"ஒரே ஒரு ஹீட்டர் போட்டா எவ்வளவு உயரம் நிக்கும்?"

மேப்பம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீ சிந்தியது. சிரித்து முடித்ததும் கம்பியை எடுத்துச் செருகி, அளவைப் பார்த்து, கீழே காத்திருந்த தெருக்காரர்களுக்கு ஒரு ஜாண் இறங்கியிருக்கிறது என்று கத்திச் சொன்னார். பிறகு கம்பியைப் படுக்க வைத்துவிட்டு, இன்னொரு மூடி டீ கேட்டார்.